புதுப்பிப்பு: கேளம்பாக்கம் உப்பில் ஆர்க்கியா வளர்ந்துவிட்டது

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆர்க்கியாவை (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் அதிலிருந்து வேறுபட்ட நுண்ணுயிர்கள்) பள்ளி ஆய்வகத்திலேயே காட்ட வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கேளம்பாக்கம் உப்பளத்துக் கல்லுப்பை எடுத்துப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பெரிய நன்றி.

அதை 25 சதவீத உப்பு சேர்த்த அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டு) பூசி, 37 டிகிரியில் வைத்தோம். தட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். இவை மெதுவாகத்தான் வளரும், மறுநாளே எதிர்பார்க்கக் கூடாது. இளஞ்சிவப்பில், குண்டூசித் தலை அளவுக்குக் காலனிகள் வந்தன. பிள்ளைகள் தட்டைக் கீழே வைக்கவே இல்லை!

சிவப்பு என்பதாலேயே ஆர்க்கியா ஆகிவிடாது. சாலினிபாக்டர் என்ற பாக்டீரியாவும் அதே உப்பில் சிவப்பாக வளரும். அதனால் பென்சிலின் வட்டு (மருந்தில் நனைத்த சிறு காகித வட்டு) வைத்தோம். பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கான் சுவர் கட்டப்படுவதை பென்சிலின் தடுக்கிறது. ஆர்க்கியாவில் அந்தச் சுவரே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சாதாரணத் தட்டில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா வட்டைச் சுற்றி வளரவில்லை. உப்புத் தட்டிலோ வட்டின் விளிம்பு வரை இளஞ்சிவப்பு. அப்புறம் காலனியைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கினோம், உப்பு இல்லாததால் செல்கள் வெடித்துக் கலங்கல் தெளிந்துவிட்டது.

“இவ்வளவு உப்பில் மருந்து வேலை செய்யுமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. சரிபார்க்க, அதே உப்பில் வளரும் பாக்டீரியா ஒன்று வேண்டும். சென்னையில் யாரிடமாவது சாலினிபாக்டர் கல்ச்சர் இருந்தால் சொல்லுங்கள்.