கார்டன் ப்ளூ ஜோடி குஞ்சுகளைக் கீழே தள்ளிவிடுகிறது, உயிர்ப்பூச்சி கட்டாயம் வேண்டுமா?

மாடிக்கூண்டு:
ஜீப்ரா, பெங்காலீஸ், ஒரு ஜோடி கார்டன் ப்ளூ என்று என் பிஞ்ச் வகைச் சின்னக் கூண்டுப் பறவைகள் எல்லாம் ஒரே பெரிய கூண்டில்தான் இருக்கின்றன. முதல் இரண்டும் தினை, கீரை, அவித்த முட்டையிலேயே குஞ்சுகளை வளர்த்துவிடுகின்றன. கார்டன் ப்ளூவும் ஒழுங்காக அடைகாத்துப் பொரிக்கிறது, ஆனால் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் தரையில் செத்துக் கிடக்கின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை. மீல்வார்ம் (பறவைத் தீனிக்கு விற்கும் வண்டுப்புழு) போட்டேன், தொடவே இல்லை. என்ன செய்யலாம்?

கரிசல்காடு:
ஜீப்ராவை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். அது ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிப் பறவை, விதையிலேயே குஞ்சு வளர்க்கும். கார்டன் ப்ளூ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, அங்கே குஞ்சுக் காலத்தில் கறையான் போன்ற சின்னப் பூச்சிகளைத் தேடித் தேடி ஊட்டும். பூச்சி கிடைக்கவில்லை என்றால் குஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டுவிடும்.

நம் ஊரில் கோழிக்குஞ்சுக்குக் கறையான் பிடிப்பார்களே, அதே முறைதான். பழைய மண்பானையில் காய்ந்த சாணி, வைக்கோல், கிழிந்த சாக்கு இதையெல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்து வழுவழுப்பான தட்டில் உதறினால் ஏறி ஓட முடியாது, அப்படியே கூண்டில் வைத்துவிடலாம். மருந்தடித்த வயல், தோட்டம் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

தவிட்டுடப்பா:
பெரிய மீல்வார்முக்குத் தோல் கெட்டி, இவ்வளவு சின்ன அலகுக்கு அது சரிப்படாது. குட்டிப் புழுவாகவோ, தோலுரித்து வெள்ளையாக இருப்பதையோ பொறுக்கிப் போடுங்கள். இன்னொன்று, அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் குறைவு, அதனால் கணவாய் ஓட்டைப் பொடித்துத் தூவித்தான் கொடுக்க வேண்டும்.

மாடிக்கூண்டு:
நன்றி. நான் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு, கறையான் பிடிக்க வழியே இல்லை. வேறு ஏதாவது?

வாழைப்பழ_வாளி:
பழ ஈ வளருங்கள். கனிந்த வாழைப்பழத்தை வாளியில் போட்டு, பறவை உள்ளே நுழையாத அளவுக்குக் கம்பிவலையால் மூடிக் கூண்டுக்குள்ளேயே வைத்தால் போதும், ஈ மொய்க்கும், பறவைகள் பறந்து பிடிக்கும். நம் வெயிலுக்குப் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். அழுகிய இறைச்சியில் வளரும் புழுவை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்தால் கூண்டே காலியாகிவிடும்.

பொரித்த பிறகு பழக்கினால் தாமதம். அடைகாக்கும்போதே தினமும் கொஞ்சம் காட்டுங்கள், பொரித்ததும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே தட்டாக வைத்தால் ஜீப்ராக்கள் மொத்தத்தையும் தின்றுவிடும், முடிந்தால் இந்த ஜோடியைத் தனிக்கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். குஞ்சுகள் வெளியே வந்த பிறகும் தாங்களாகத் தினை உடைத்துத் தின்னும் வரை பூச்சியை நிறுத்த வேண்டாம்.