கத்தரிச் செடி பச்சையாகவே வாடிச் சாகிறது. மிச்சம் இருக்கும் இரண்டையாவது காப்பாற்ற முடியுமா?

மலையடி வீடு, ஆயர் ஈத்தாம்:

வணக்கம். பினாங்கில் மூலை தெரஸ் வீடு எங்களுடையது. பக்கவாட்டில் இருபது அடிக்கு ஒரு பாத்தி. அதில் ஆறு கத்தரி வைத்திருந்தேன். கடை விதை இல்லை. அம்மா கெடாவில் தோட்டத்து லயத்தில் இருந்தபோது வளர்த்த ரகம்: உருண்டைக் காய், ஊதாவில் வெள்ளை வரி, காம்பில் முள். தோட்டத்தை விட்டு வந்தபோது விதையைச் சாம்பலில் புரட்டி மைலோ டப்பாவில் போட்டு எடுத்து வந்தார். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. வருஷம் தவறாமல் நான் விதை எடுத்து வைத்துவிடுவேன். போன வருஷ விதை மட்டும் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்துவிட்டது. அதனால் இந்த ஆறு செடிதான் எல்லாமே.

இந்த ஆவணியில் மழை விட்ட பாடில்லை. கொடிமலைப் பக்கம் கறுத்தால் அரை மணியில் இங்கே கொட்டுகிறது. போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை, மத்தியானம் ஒரு செடியின் இலை எல்லாம் தொங்கிக் கிடந்தது. சாயந்தரம் நிமிர்ந்துகொண்டது. மறுநாளும் அதே கதை. நான்காம் நாள் நிமிரவே இல்லை. இலை மஞ்சளாகவில்லை, புழு இல்லை, தண்டில் ஓட்டை இல்லை. பத்து நாளில் நான்கு செடி போய்விட்டன. பூஞ்சாண மருந்து அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. புரட்டாசி பிறக்கப் போகிறது. வீட்டில் ஒரு மாசம் கவிச்சி கிடையாது, அம்மா இருந்தவரை கத்தரிக்காய்க் குழம்புதான் வைப்பார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீரைப் பாத்தி, பட்டர்வொர்த்:

அக்கா, மருந்தை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாக்டீரியா வாடல் மாதிரி இருக்கிறது, பூஞ்சாணம் இல்லை. வீட்டிலேயே பார்த்துவிடலாம். செத்த செடியின் தண்டை அடியில், மண்ணுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டு வாய் மட்டும் நனைகிற மாதிரி பிடியுங்கள், ஆட்டாதீர்கள். சில நிமிஷத்தில் வெள்ளையாக நூல் நூலாக இறங்கினால் அதுதான்.

இன்னும் இரண்டு கேள்வி. எந்த வரிசையில் செத்தன? அதற்கு முன்னால் அதே பாத்தியில் தக்காளியோ மிளகாயோ செத்ததா?

மலையடி வீடு:

தம்பி, இப்போதுதான் செய்தேன். ஜன்னலோரம் வைத்துப் பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷம் போயிருக்கும், வெட்டு வாயிலிருந்து பால் மாதிரி ஒரு இழை நேராகக் கீழே இறங்கியது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கிளாஸின் அடியில் கஞ்சித் தெளிவு போலக் கலங்கிவிட்டது. தண்டைப் பிளந்தேன், தோலுக்கு உள்ளே பழுப்பாக ஒரு வளையம். கை நடுங்கிவிட்டது.

நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஜூலையில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தக்காளி நாற்று இரண்டு வாங்கி, பாத்தியின் தாழ்ந்த பக்கத்தில், லோங்கான் (சாக்கடை) ஓரம் வைத்தேன். இரண்டும் இதே மாதிரி செத்தன. அதிக மழை என்று விட்டுவிட்டேன். லோங்கான் நிரம்பினால் தண்ணீர் அந்தப் பக்கமிருந்துதான் பாத்திக்குள் ஏறும். கத்தரியும் அங்கிருந்து ஒவ்வொன்றாகத்தான் செத்திருக்கிறது. மேட்டில் இருக்கும் இரண்டும் இன்னும் நன்றாக இருக்கின்றன.

கீரைப் பாத்தி:

அப்படியானால் தண்ணீர்தான் கொண்டுபோயிருக்கிறது. செத்ததை வேரோடு, சுற்றியிருக்கும் மண்ணோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள், உரக்குழிக்கு வேண்டாம். அந்த மண்வெட்டியும் செருப்பும் மேட்டுப் பக்கம் போகக்கூடாது. கழுவி, குளோராக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) கலந்த தண்ணீரில் முக்குங்கள். இரண்டு செடிக்கும் கீழே குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த தண்ணீர் ஏறாமல் மண் அணை போடுங்கள். நோய் பிடித்த செடிக்கு மருந்து கிடையாது. கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், அதனால் அந்தப் பக்கம் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் மறந்துவிடுங்கள். வெண்டை, பயற்றங்காய், சோளம் போடலாம்.

செந்தூல் பாட்டி:

அம்மாடி, மருந்தைவிட முதலில் விதையைப் பார். நல்லா இருக்கிற செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விடு. தோல் மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று ஆகிற வரைக்கும் கிடக்கட்டும். இந்த மழையில் தரையில் படாமல் காய்க்கு அடியில் ஒரு ஓடு வை.

அடுத்த தடவை சுண்டைக்காயில் ஒட்டுக் கட்டு. சுண்டைக்கு இந்த வாடல் அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. அது மெதுவாக முளைக்கும், ஆகையால் கத்தரிக்கு மூன்று நான்கு வாரம் முந்தியே விதை. தண்டு பென்சில் கனம் வரும்போது மேலே வெட்டி நடுவில் பிள. கத்தரி நுனியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவிச் சொருகு, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கு. பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ஒரு வாரம், பத்து நாள் நிழலில் வை. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்கணும். புதைத்தால் கத்தரி தன் வேரை இறக்கிவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

தாமான் பக்கத்து வீடு:

குறுக்கே எழுதுகிறேன், மன்னிக்கவும். வாய்க்காலில் தண்ணீர் நின்றால் ஏடிஸ், அதாவது டெங்கி பரப்பும் கொசு வரும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். தொட்டித் தட்டுகளை வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாசக்கணக்கில் சாகாது. போன வருஷம் எங்கள் வரிசையில் மூன்று வீட்டில் டெங்கி.

மலையடி வீடு:

எல்லாருக்கும் நன்றி. நான்கு செடியையும் கட்டிப் போட்டாயிற்று. தொட்டித் தட்டுகளை எடுத்தே விட்டேன். மகன் வேலைக்குப் போகும் முன் அணை போட்டுக் கொடுத்தான், நேற்று ராத்திரி மழையில் தாழ்ந்த பக்கத்துத் தண்ணீர் ஏறவில்லை. மேட்டுச் செடி ஒன்றில் மூன்று காய் இருக்கிறது. இரண்டுக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டேன், வீட்டில் யாரும் பறித்துவிடக்கூடாது. பாட்டிம்மா, பின்சந்தில் சுண்டைக்காய் தானாகவே முளைத்துக் கிடக்கிறது, முழங்கால் உயரம். இத்தனை நாள் களை என்று வெட்டிக்கொண்டிருந்தேன். அதில் நான்கைத் தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன். தண்டு இன்னும் பென்சிலைவிட மெலிசு. கனத்ததும் எழுதுகிறேன்.