ஓணத்துக்கு முன் லோடு டெஸ்ட்: எந்த வழி சரி?

தோவாளை பூ வியாபாரிகளுக்காக ஒரு ஆர்டர் தளம் நடத்துகிறோம். லாராவெல் (பிஎச்பி ஃப்ரேம்வொர்க்), மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், 4 ஜிபி சர்வர். போன ஓணத்தில் விடியற்காலை விலையைப் போட்டதும் கேரளக் கடைக்காரர்கள் மொத்தமாக உள்ளே வர, பக்கம் சுற்றிச் சுற்றி 504 (நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற பிழை) காட்டியது. மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை.

அந்த நெரிசலைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்க (லோடு டெஸ்ட்), நாகர்கோவில் ஆபீஸ் லேப்டாப்பில் ஜேமீட்டர் என்ற டூலை ஓட்டினோம், ஜியூஐ (திரை இடைமுகம்) இல்லாமல்தான். 500 த்ரெட் (ஒவ்வொன்றும் ஒரு போலிப் பயனர்) வைத்ததும் சர்வருக்கு முன்னாடி லேப்டாப் திணறியது. அப்புறம் கே6 என்ற இன்னொரு டூலில் நிலையான பயனர் எண்ணிக்கை வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு போலிப் பயனரும் பதில் வந்த பிறகே அடுத்த கோரிக்கையை அனுப்புவதால், சர்வர் மெதுவானால் கோரிக்கைகளும் தானாகக் குறைந்துவிடுகின்றன. ரிப்போர்ட் அழகாக வருகிறது, நம்பத்தான் முடியவில்லை. நிஜக் கடைக்காரர் காத்திருப்பாரா? ரிஃப்ரெஷை அமுக்கிக்கொண்டே இருப்பார்.

இப்படித் திடீர் நெரிசலுக்கு, கே6-இல் நொடிக்கு இத்தனை கோரிக்கை என்று வைத்து கிளவுட் மெஷினிலிருந்து ஓட்டுவதா, ஜேமீட்டரையே பல மெஷின்களில் பிரித்து ஓட்டுவதா?