காலியான இலக்கைப் பூஜ்யமாகக் கணக்கிடும் மென்பொருள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆண்டு மதிப்பீட்டை இந்த முறைதான் முதன்முதலாக மென்பொருளில் செய்கிறோம்.

ஒவ்வொருவருக்கும் ஐந்து இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் 20 சதவீத எடை, மதிப்பெண் 5க்கு. பராமரிப்புப் பிரிவு ஊழியர் ஒருவர் நான்கு இலக்குகளில் 4, 4, 5, 4 பெற்றிருக்கிறார். ஐந்தாவது, புதிய இயந்திரம் நிறுவுவது. இயந்திரம் வாங்குவதையே நிர்வாகம் தள்ளிவைத்துவிட்டதால், மேலாளர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். மென்பொருள் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 3.4 என்று காட்டுகிறது. எடையை 80 ஆகக் கொண்டு வகுத்தால் 4.25 வர வேண்டும். ஊதிய உயர்வே இந்த எண்ணைப் பொறுத்தது. தான் செய்யாத தவறுக்கு அவர் பணம் இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இலக்கையே நீக்கிப் பார்த்தேன். எடைகளின் கூட்டுத்தொகை 100 இல்லை என்று படிவம் சேமிக்க மறுக்கிறது. மற்ற நான்கையும் 25 ஆக்கலாம்தான். ஆனால் இப்படி நாற்பது படிவங்கள் இருக்கின்றன. அதோடு ஊழியர் ஒப்புக்கொண்ட எடையை ஆண்டு முடிந்தபின் மாற்றுவது முறையல்ல.

இன்னொன்று: இறுதி மதிப்பெண்ணில் இலக்குகளுக்கு 70, நடத்தைக்கு 30 சதவீதம். ஒருவருக்கு இலக்குகளில் 3.5, நடத்தையில் 3.4. நேராகக் கணக்கிட்டால் 3.47, அதாவது முழு எண்ணில் 3. மென்பொருளோ ஒவ்வொரு பகுதியையும் முதலில் முழு எண்ணாக்கி, 3.7 என்று கூட்டி, 4 தருகிறது.

காலிக் கட்டத்தை எடையோடு சேர்த்து விலக்கும் சூத்திரத்தை யாராவது அமைத்திருக்கிறீர்களா? முழு எண்ணாக்குவதைக் கடைசிப் படியில் மட்டும் வைக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பீட்டை முடித்தாக வேண்டும்.