மேஜர் ஐயாகிட்ட குத்துச்சண்டை கத்துக்கிட்டு, குத்து வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா?

நானே ஆரம்பிக்கிறேன். 1998, மலேசியா பேராக்ல இருக்கிற சுங்கை சிப்புட். எனக்கு 15 வயசு. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனோட கட்டிப் புரண்டுக்கிட்டு இருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை காதைப் பிடிச்சுத் தூக்குச்சு. "கண்ணை மூடிக்கிட்டா அடிக்கிறது? சாயங்காலம் பழைய ரப்பர் ஸ்டோருக்கு வா." மலேசிய ராணுவத்து ரேஞ்சர் படையில மேஜரா இருந்து பென்ஷன் வாங்கினவர்னு அப்பா சொல்லித்தான் தெரியும்.

ஸ்டோர் விட்டத்துல ஒரு அரிசிச் சாக்கு தொங்கும். உள்ளே மரத்தூள், நடுவுல ஒட்டுப்பால், அதான் உறைஞ்சு போன ரப்பர் பால். மழை நாள்ல அந்த நாத்தம் சட்டையோட வீடு வரைக்கும் வரும். ரெண்டு வாரம் கிளவுஸைக் கண்ணுலயே காட்டல, கயிறு தாண்டுறதுதான் வேலை. "குத்து கால்ல இருந்துதான்டா வருது. மேடு பள்ளத்துல பால்மரம் வெட்டினவன் பிள்ளை, உனக்குக் கால் இருக்கு" என்பார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். 1948 ஜூன் 16ல இந்தப் பக்கத்துத் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்னு அவசரகாலம் வந்தப்போ அவருக்கு மூணு வயசாம்.

1975ல முகமது அலி கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துல ஜோ பக்னரோட 15 ரவுண்டு ஆடினப்போ, இவர் வடக்கே கிரிக் காட்டுல, அப்போ போட்டுக்கிட்டிருந்த கிழக்கு மேற்கு ரோட்டுக்குக் காவல். அதுல மட்டும் அவருக்குத் தீராத வருத்தம். மத்தபடி காட்டுக் கதை கேட்டா வாயே திறக்க மாட்டார்.

கேட்காமலே சொன்னது ஒரு தோல்வியைத்தான். 63.5 கிலோ எடைப் பிரிவுல ஆடுறவர், ரெண்டு மாசம் காட்டுல கிடந்துட்டு வந்து தராசுல ஏறினா 59. சரி, 60 கிலோவுலயே ஆடுவோம்னு இறங்கியிருக்கார். எதிர்ல படையில வேற கம்பெனிக்காரன், சரவாக் ஈபான் இனத்து லான்ஸ் கோப்பரல், இவருக்கு ரொம்பக் கீழ் பதவி. கயித்துக்குள்ள போயிட்டா ஆபீசராவது ஒண்ணாவது! ரெண்டாவது ரவுண்டுல ஐயா தரையில. "மறுநாள் பெரட்டுல விறைப்பா சல்யூட் அடிக்கிறான். எனக்கு ஒரு கண்ணு மூடிப்போச்சு. சிரிக்கிறானா இல்லையான்னே தெரியல." (பரேடுன்னு சொல்ல மாட்டார். கடைசி வரைக்கும் பெரட்டுதான்.)

நான் சேர்ந்த 1998லயே காமன்வெல்த் போட்டியில நம்ம மலேசிய வீரர் சபோக் பிக்கி 48 கிலோவுல தங்கம் வாங்கினப்போ, கடை டிவியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "உன் எடைதான்." நான் ஆடினது ரெண்டே போட்டி, ரெண்டும் தோல்வி. அதை விடுங்க.

* * *

நான் குத்து வாங்கல, தோசைதான் கொடுத்திருக்கேன். பக்கத்து வீடு. கடைசி நாலஞ்சு வருஷம் ஐயாவுக்குக் கை நடுக்கம். குவளையை எடுத்தா தே ஓ (பால் இல்லாத டீ) பாதி மேசையில. பிடிக்கப் போனா முறைப்பார். ஆனா கிளவுஸ் போடுறதுக்கு முன்னால என் மகன் கைக்குத் துணி சுத்த வேற யாரையும் விடமாட்டார். கட்டைவிரல்ல ஒரு வளையம், மணிக்கட்டுல மூணு சுத்து, அப்புறம் விரல் இடுக்கு. நழுவும், அவிழ்ப்பார், மறுபடி சுத்துவார். கால்மணி நேரம் ஆகும். சேட்டைக்காரப் பையன், அந்த நேரம் மட்டும் அசையாம நிப்பான். முடிச்சதும் நகத்தை அமுக்கி, ரத்தம் திரும்புதான்னு பார்ப்பார். பிறகுதான் தே ஓ பக்கம் வருவார். அது எப்பவோ ஆறிப் போயிருக்கும்.