புதுப்பிப்பு: கதை சொல்லும் கட்டடம் காட்சிப்பொருளை மறைத்துவிடுமா?

உடைந்த பூகோளத்தின் மூன்று சில்லுகளாக கட்டடக் கலைஞர் டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த, மான்செஸ்டர் அருகிலுள்ள போர் அருங்காட்சியகத்தைப் பற்றி முன்பு எழுதியபோது, கட்டடமே கதை சொன்னால் காட்சிப்பொருள்கள் பின்னுக்குப் போய்விடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு விடையாக அதே கலைஞர் விரிவுபடுத்திய, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தைச் சொல்வேன்.

1870களில் ஆயுதக் கிடங்காக எழுந்த அந்த மாளிகையின் சமச்சீரான முகப்பை, அவர் வடிவமைத்து 2011இல் திறக்கப்பட்ட எஃகு, கான்கிரீட் ஆப்பு வடிவக் கட்டடம் ஒன்று பிளந்துகொண்டு நிற்கிறது. ஊடுருவிப் பார்க்கக்கூடிய அதன் உலோகப் போர்வைக்குப் பின்னே பழைய சுவர் மங்கலாகத் தெரிகிறது. பழைய பகுதியில் போர்கள் கால வரிசையில் அமைந்திருக்க, ஆப்புக்குள் அந்த வரிசை அறுபட்டு, போர் மனிதரை என்ன செய்கிறது என்ற கேள்வியே காட்சிகளை ஒழுங்குபடுத்துகிறது. கூர்முனை, இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரியில், டிரெஸ்டன் மீது நேச நாடுகளின் குண்டுவீச்சு தொடங்கிய திசையைச் சுட்டுகிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது உச்சித் தளம். நகரத்தைப் பார்க்கும் மேடையுள்ள அங்கேயே, ஜெர்மனி 1939இல் தாக்கிய போலந்தின் வியெலுனும் 1940இல் தாக்கிய நெதர்லாந்தின் ராட்டர்டாமும் டிரெஸ்டனோடு சேர்த்து நினைவுகூரப்படுகின்றன. அவை இல்லாதிருந்தால் அந்த மேடை டிரெஸ்டனின் துயரத்தை மட்டுமே சொல்லியிருக்கும். கட்டடம் தொடங்கிய வாக்கியத்தை அங்கே காட்சிப்பொருள்களே முடித்துவைக்கின்றன.