வருஷத்துக்கு நாலு நாள் அரசியல் போதுமாம்!

மேலூரான்:
பக்கத்துத் திரியில் திருநகர் ராகவன் சார் ஒரு உபதேசம் எழுதியிருக்கிறார். தினமும் டிவி விவாதம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சானோடு சண்டை, தூக்கம் கெட்டு பிபி மாத்திரை வரைக்கும் போய்விட்டதாம். அதனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டாராம். "வருஷத்துக்கு நாலு கிராம சபை. அந்த நாலு நாள் சொந்த ஊருக்குப் போய் உட்கார்ந்தால் போதும், அரசியலும் ஆச்சு, உடம்பும் ஆச்சு" என்கிறார். கீழே ஒரே கைதட்டல். ஐயா, கிராம சபை நாலு இல்லை, ஆறு. 2022லிருந்து மார்ச் 22ம் நவம்பர் 1ம் சேர்ந்துவிட்டன. எத்தனை கூட்டம் என்றே தெரியாதவர், எப்படி உட்கார்வது என்று பாடம் எடுக்கிறார்.

திருநகர் ராகவன்:
தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. காலம் காலமாக இருப்பது இந்த நாலுதான். மற்ற இரண்டும் அப்புறம் கட்டிய ஒட்டுத்திண்ணை. நான் எழுதியது, மனுஷன் ஓய்ந்துபோகாமல் எப்படி ஊர் விவகாரத்தில் இருப்பது என்று. நீங்கள் எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

மேலூரான்:
ஒட்டுத்திண்ணையா? சரி, அந்தத் திண்ணையின் கதையைக் கேளுங்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. சமணர் படுகையும் பழைய கல்வெட்டும் இருக்கிற ஊர், 2022லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த ஊர். அந்த வருஷம் நவம்பர் 1 தீபாவளிக்கு மறுநாள் என்பதால் கிராம சபை 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் பக்கத்து ஊர்கள் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 சட்டசபைத் தீர்மானம். ஜனவரி 7 நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரை பேரணி. ஜனவரி 23 ஏலம் ரத்து. உங்கள் கணக்குப்படி அக்டோபர் 2ஓடு பாயைச் சுருட்டியிருந்தால்? ஆறு சார், ஆறு.

ஆரப்பாளையம் பாண்டி:
நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் அஞ்சு. இரண்டு பேரும் விளக்குத்தூணுக்கு வாருங்கள், ஜிகர்தண்டா என் செலவு.

திருநகர் ராகவன்:
பாண்டி, போன தடவையும் உங்கள் செலவு என்றுதான் சொன்னீர்கள். காசு கொடுத்தது நான்.

மேலூரான் தம்பிக்கு: அதே 2024ஐயே எடுத்துக்கொள்வோம். மார்ச் 16 முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி. மார்ச் 22 கூட்டம் போச்சு. மே 1ம் போச்சு. மீதி எத்தனை? விரல் விட்டு எண்ணுங்கள். நாலு!

மேலூரான்:
இது வக்கீல் பேச்சு. நடக்காமல் போனால் எண்ணிக்கை குறைந்துவிடுமா? மழைக்கு லீவு விட்டால் வாரத்துக்கு நாலு நாள்தான் பள்ளிக்கூடம் என்பீர்களா? சரி, இன்னொன்று கேட்கிறேன். கிராம சபையில் உட்கார அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். திருநகர் மதுரை மாநகராட்சிக்குள் இருக்கிறது. உங்கள் ஓட்டு எங்கே?

திருநகர் ராகவன்:
அது என் சொந்த விஷயம்.

மேலூரான்:
ஆக, ஓட்டு திருநகரில், உபதேசம் கிராமத்தில். அந்த நாலு நாளும் நீங்கள் விருந்தாளி சார். நகரத்துக்காரரான உங்களுக்கு இருப்பது வார்டு கமிட்டியும், வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடும் பகுதி சபையும். நூறு வார்டில் உங்கள் வார்டு பகுதி சபைக்கு ஒரு தடவையாவது போனீர்களா?

செல்வி, மகளிர் குழு:
நடுவில் வருகிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் ஊரில் நாலோ ஆறோ, கூட்டம் என்றால் முதலில் வருவது நாங்கள்தான். நூறுநாள் வேலைக்காரர்களையும் குழுப் பெண்களையும் தலைக்கணக்குக்குக் கூப்பிடுவார்கள். மக்கள்தொகை மூவாயிரத்தைத் தாண்டினால் 200 பேர் வேண்டும் என்று விதியாம். ஒரு தடவை பதிவேடு என் கைக்கு வந்தது. தீர்மானம் எழுதுகிற பக்கம் மொட்டையாக இருந்தது, அடுத்த பக்கத்தில் முப்பது கையெழுத்து இருந்தது. "முதலில் தீர்மானத்தை எழுதுங்கள், அப்புறம் போடுகிறேன்" என்றேன். பின்னாலிருந்து ஒரு அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள், "வடை ஆறுது, போடுடி" என்று. நான் போடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை, நானாகப் போய் உட்கார்ந்தேன். தெருவிளக்குக்கு மூன்று மனு கொடுத்தாயிற்று. 2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலமும் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு வைத்த தனி அலுவலர் வந்துவிட்டார். சலித்துப்போகிறது. நாலாவது மனு எழுதவா, விட்டுவிடவா? யாராவது சொல்லுங்கள்.

மேலூரான்:
பார்த்தீர்களா ராகவன் சார், செல்வி அக்கா ஊரில்கூட ஆறு.

செல்வி, மகளிர் குழு:
நான் அதைச் சொல்லவே இல்லையே.

உசிலம்பட்டி வாத்தியார்:
சலிப்பு என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் கேளுங்கள். 1996இல் தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதிலிருந்து பத்து வருஷம். தேர்தல் அறிவிப்பார்கள், மற்ற சாதியினரின் எதிர்ப்பால் மனு போட ஆள் வரமாட்டார். வந்து ஜெயித்தாலும் ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் ஒழுங்காக நடந்து முடிந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 கிராம சபைக்கு முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். நீங்கள் டிவி பார்த்த களைப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

திருநகர் ராகவன்:
அக்டோபர் 2! என் நாலில் ஒன்று. நன்றி வாத்தியார் ஐயா.

உசிலம்பட்டி வாத்தியார்:
நான் சொன்னது அதற்காக இல்லை.

மேலூரான்:
வாத்தியார் ஐயா எப்போதும் இப்படித்தான், பெரிய கதையைக் கொண்டுவந்து போட்டு அடுத்தவன் வாயை அடைப்பார். போன வருஷம் கண்மாய்த் திரியில் என்னைச் "சின்னப்பையன்" என்றது எனக்கு மறக்கவில்லை. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவரையே வெட்டிக் கொன்றார்கள். எங்கள் தாலுகாவுக்கும் சரித்திரம் உண்டு.

உசிலம்பட்டி வாத்தியார்:
வெட்டுப்பட்டவர்களைக் காட்டித் தாலுகாப் பெருமையா பேசுவது? சின்னப்பையன் என்றது சரிதான் போலிருக்கிறது.

மேலூரான்:
பெருமை என்று எங்கே எழுதினேன்? காட்டுங்கள். வரி எண் போட்டுக் காட்டுங்கள்.

ஆரப்பாளையம் பாண்டி:
ஜனவரி 7 பேரணியில் மேலூரானை நான் ஒத்தக்கடையில் பார்த்தேன். டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். இளநீரும் கையுமாக.

மேலூரான்:
கடைசிக் கொஞ்ச தூரம்தான் டிராக்டர், கால் கொப்பளித்துவிட்டது. நரசிங்கம்பட்டியிலிருந்து நடந்துதான் வந்தேன். நீ டீக்கடையில் நின்று பார்த்தவன்தானே, நடந்தவனைக் கேலி பண்ணாதே.

திருநகர் ராகவன்:
ஓயாமல் இருப்பது எப்படி என்று கேட்டேன், தம்பிக்கு டிராக்டர் கிடைத்திருக்கிறது. இதனால்தான் இந்தச் சண்டையெல்லாம் வேண்டாம் என்று ஒதுங்கினேன். இதுதான் என் கடைசிப் பதிவு.

மேலூரான்:
ஒதுங்குங்கள். போகும்போது பக்கத்துத் திரியில் அந்த நாலைத் திருத்திவிட்டுப் போங்கள்.

செல்வி, மகளிர் குழு:
என் மனு விஷயம் யாரும் சொல்லவில்லை. சரி, நானே எழுதிக்கொள்கிறேன். தனி அலுவலருக்கு எழுதுவதா, வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வுக்கா என்றாவது சொல்லுங்கள்.

திருநகர் ராகவன்:
திருத்த மாட்டேன். நாலு.

மேலூரான்:
கடைசிப் பதிவு என்றீர்களே சார்? ஆறு.